பிராண்டேயில் ஒரு வெற்றி விழா

எந்தப் போரும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர், டென்மார்க்கின் சிறு நகரமான பிராண்டேயில் தமிழர் ஒன்றியத்தின் தலைவராக இருக்கும் நேசராஜா. ஆப்கானிஸ்தானில் இருந்த டென்மார்க் படை வீடு திரும்பிவிட்டது என்று ஜூன் மாதக் கடைசியில் செய்தி வந்த அன்றைக்கே அவர் சண்முகலிங்கத்துக்குப் போன் எடுத்தார்.

"சண்முகம், உம்மட மகன் வந்திட்டானாம். ஒரு விழா எடுக்காமல் விடேலாது."

"அவன் உதுகளை விரும்பமாட்டான் அண்ணை."

"அவன் விரும்புறதுக்கோ நாங்கள் விழா எடுக்கிறம்?"

காற்றாலைச் சிறகு செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்யும் சண்முகலிங்கம், பதில் இல்லாத கேள்விகளுக்கு ஓம் என்று சொல்லிப் பழகியவர். ஆனால் இந்த முறை அவர் ஓம் சொன்னதற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது.

மகன் ஆரணனுக்கு இருபத்தாறு வயது. டென்மார்க் ராணுவத்தில் இருக்கிறான். காபூலில் ஏழு மாதம் நின்றுவிட்டு, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் வந்திருக்கிறான். வந்து இரண்டு கிழமை ஆகவில்லை, அடுத்த வருடம் எஸ்டோனியாவுக்குப் போகச் சம்மதமா என்று கேட்டு ஒரு கடிதம். ஓகஸ்ட் பதினாறாம் திகதி திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சண்முகலிங்கத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் பதில் 'இல்லை' என்று இருக்க வேண்டும். தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் ஓர் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். மகனிடம் கேட்டால் "பாப்பம்" என்றான். டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகள் தமிழில் முழுமையாகக் கற்றுக்கொண்ட சொல் அது ஒன்றுதான்.

மகன் சேர்ந்திருப்பது என்ன என்று விளங்கிக்கொள்ள அவர் முயலாமல் இல்லை. ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் கேட்டார். ஆரணன் பாதி டேனிஷிலும் பாதி தமிழிலுமாக விளக்கினான். முப்பது நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டணி. ஒருவருக்கு அடித்தால் எல்லாருக்கும் அடித்த மாதிரி என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கின்றன. இருபது வருடத்துக்கு முன்னர் அமெரிக்காவுக்கு அடித்தார்கள். அதனால் டென்மார்க் போனது.

"அடிச்சது ஆப்கானிஸ்தான்காரரோ?"

"இல்லை. அங்க ஒளிச்சிருந்த ஆக்கள்."

"அவையள் இப்பவும் அங்கதான் இருக்கினமோ?"

"இல்லை. இப்ப இருக்கிறது வேற ஆக்கள்."

"அப்ப நீ ஆரோட சண்டை பிடிச்சனி?"

"நான் சண்டை பிடிக்கேல்லை அப்பா. கூட்டத்துக்குப் போற பெரிய ஆக்களுக்குக் காவல் நிண்டனான்."

"என்ன கூட்டம்?"

"நாங்கள் எப்பிடி வெளிக்கிடுறது எண்டுற கூட்டம்."

சண்முகலிங்கம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். ஒப்பந்தம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் இல்லை அவர். இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஹெர்னிங்கில் நடந்த கைப்பந்துப் போட்டியில், பந்து கோட்டுக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதில் பிரெடெரிசியாக் கழகத்தை அவமதித்துவிட்டார்கள். ஒரு கழகத்துக்கு நேர்ந்த அவமானம் எல்லாக் கழகங்களுக்கும் நேர்ந்தது என்று டென்மார்க்கின் யூலான்ட் பகுதியில் இருந்த அத்தனை தமிழ்க் கழகங்களும் கூடித் தீர்மானம் போட்டன. பிராண்டே அன்றிலிருந்து ஹெர்னிங் போட்டிக்குப் போகவில்லை. பிரெடெரிசியாக்காரர் இரண்டு மாதத்தில் ஹெர்னிங்காரரோடு சமாதானமாகி, ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். அதைப் பிராண்டேக்கு யாரும் சொல்லவில்லை. பிராண்டே ஆறு வருடம் தனியாகக் கோபமாக இருந்தது. அந்த ஆறு வருடத்தில் ஒன்றியத்தின் செயலாளர் சண்முகலிங்கம்தான். தீர்மானத்தை வருடாவருடம் புதுப்பித்து எழுதியதும் அவர் கைதான்.

ஆகவே மகனை அந்த முப்பது நாட்டுக் கையெழுத்திலிருந்து வெளியே எடுக்க, அவருக்குத் தெரிந்த ஒரே பலமான ஆயுதத்தை எடுத்தார். அது மைக்.

பிராண்டேத் தமிழரிடையே ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதி வைத்ததெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது. குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, மைக்கில் அறிவித்த ஒன்றைப் பிறகு யாரும் மாற்றுவதில்லை. ஒன்றியத்து உறுப்பினர் அமலராணியின் மகள் மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று ஒரு பொங்கல் விழாவில் அறிவித்துவிட்டார்கள். இரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற பிள்ளை அது. இன்று ஹொல்ஸ்டப்ரோவில் டொக்டராக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டுதான் ஊசி போடுகிறாள் என்று பேச்சு.

"விழா முடிவில ஒரு அறிவித்தல் குடுக்கவேணும் அண்ணை," என்றார் சண்முகலிங்கம். "போர் முடிஞ்சுது, ஆரணனும் ராணுவத்தில இருந்து விலகுறான் எண்டு."

"அவன் ஓமெண்டிட்டானோ?"

"ஓமெண்டுவான்."

"அது காணும்," என்றார் நேசராஜா. அரசாங்கங்கள்கூட இதைவிட அதிகமாக ஆராய்வதில்லை.

*

விழா ஓகஸ்ட் பதினைந்து, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி என்று அழைப்பிதழ் சொன்னது. பாடசாலை மண்டபத்தில் இருநூறு கதிரை. மேடையின் பின்னால் பத்து மீற்றர் நீளப் பதாகை: 'ஆப்கான் போரை வென்று மீண்ட எம் மண்ணின் மைந்தனே வருக.' எம் மண் எது என்று யாரும் கேட்கவில்லை. பையன் பிறந்தது ஹெர்னிங் ஆஸ்பத்திரியில்.

காலை பத்து மணிக்கு, சமையலுக்கு வந்த குருசுமுத்து கையில் அகப்பையோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தார். அவர் பெந்தகொஸ்தே சபை ஆள். கோயில் திருவிழா என்றாலும் கிறிஸ்மஸ் என்றாலும் பிராண்டேயில் சோறு அவர்தான்.

"சண்முகம், செய்தி பாத்தனீரோ? தலிபான் காபூல் வாசலில நிக்கிறாங்களாம்."

"எந்தக் காபூல்?"

"எத்தினை காபூல் இருக்கு?"

சண்முகலிங்கம் பதாகையை நிமிர்ந்து பார்த்தார். 'வென்று' என்ற சொல் மற்றச் சொற்களைவிடப் பெரிதாகவும் சிவப்பாகவும் இருந்தது. அவர் நேசராஜாவைத் தேடிப் போனார். நேசராஜா தன் வரவேற்புரையைக் கண்ணாடிக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நாங்கள் வெண்டனாங்களோ?"

"ஏன் இப்ப அந்தச் சந்தேகம்?"

"தலிபான் வந்திட்டாங்களாம்."

நேசராஜா தாளை மடித்துக்கொண்டார். "நாங்கள் ஜூனில வெளிக்கிட்டனாங்கள். அதுக்குப் பிறகு நடந்ததுக்கு ஒன்றியம் பொறுப்பில்லை." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும் அந்தச் சொல்லுக்கு மேல பலூனைக் கட்டும்," என்றார்.

கட்டினார்கள். ஏணியில் ஏறியது ஆரணன்தான். தன்னைப் பாராட்டும் பதாகையில் தன் வெற்றியைத் தானே மறைத்த வீரன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அதுவும் ஒரு கையால். மறு கையில் போன். விடிந்ததிலிருந்து அதை அவன் கீழே வைக்கவில்லை.

"ஆர் தம்பி?" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த குருசுமுத்து கேட்டார்.

"நஜீப் எண்டு ஒராள் மாமா. எங்களுக்கு மொழிபெயர்ப்பு செய்தவர். மனிசியும் ரெண்டு பிள்ளையளும். இன்னும் அங்கதான்."

"உங்கட ஆக்கள் கூட்டிக்கொண்டு வரேல்லையோ?"

"ஃபோர்ம் நிரப்பினவர்," என்றான் ஆரணன். பலூன் ஒன்று வெடித்தது. கையில் இருந்த மற்றொன்றைக் கட்டினான்.

*

இரண்டு மணி விழா மூன்றேகாலுக்குத் தொடங்கியது. அழைப்பிதழை நம்பி இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்ட ஒரே ஆள், நகரசபை உறுப்பினர் பிர்கிட்ட. அவருக்கு நேரம் போகட்டும் என்று மூன்று வடை கொடுத்திருந்தார்கள்.

விளக்கேற்றியதும் அகவணக்கம். அங்கேயே முதல் சிக்கல். வழக்கமாக ஒரு நிமிடம் யாருக்காக எழுந்து நிற்பது என்பது மண்டபத்துக்குத் தெரியும். இன்றைக்கு யாருக்கு? ஆப்கானிஸ்தானில் இறந்த டென்மார்க் வீரர்களுக்கா, ஊரில் போரில் இறந்தவர்களுக்கா? செயற்குழு இரண்டு கிழமை வாதாடி, இரண்டு நிமிடம் என்று முடிவு செய்திருந்தது. முதல் நிமிடம் முடிந்ததும் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். மற்றப் பாதி நின்றது. இருந்தவர்கள் எழும்ப, நின்றவர்கள் இருந்தார்கள். பிர்கிட்ட மூன்று முறை எழுந்து இருந்தார். இது ஏதோ வழிபாட்டு முறை என்று நினைத்து ஒவ்வொரு முறையும் தலை குனிந்தார்.

பிறகு அவர் பேசினார். நல்ல பெண்மணி. கையில் இருந்த தாள் போன கிழமை எழுதியது. "நாம் சிறிய நாடு," என்றார். "ஆனால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் நாடு. நண்பர்கள் அழைத்தபோது போனோம். கடைசிவரை நின்றோம்." அந்த இடத்தில் தாளை ஒருமுறை கூர்ந்து பார்த்தார். 'கடைசிவரை' என்ற சொல் போன கிழமை இருந்த மாதிரி இன்றைக்கு இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அடுத்த வரிக்குப் போவதற்கு வெகு நேரம் எடுத்தார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆரணனின் போன் ஒளிர்ந்தது. பக்கத்தில் இருந்த சண்முகலிங்கம் எட்டிப் பார்த்தார். அந்த நாட்டின் ஜனாதிபதி விமானம் ஏறிப் போய்விட்டார் என்று டேனிஷில் போட்டிருந்தது.

"எங்க போறார்?" என்று கிசுகிசுத்தார்.

"தெரியாது அப்பா."

"திரும்பி வருவாரோ?"

ஆரணன் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேடையைப் பார்த்தான்.

பொன்னாடை. சிவப்பில் மஞ்சள் கரை. நேசராஜா அதை விரித்து ஆரணனின் தோளில் போர்த்தி, அவனுடைய கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார்.

"இந்த வீரத் திருமகன், தன் கடமையைச் செவ்வனே நிறைவேற்றி, இன்றோடு படைத்துறை வாழ்விலிருந்து விடைபெறுகிறான் என்ற மகிழ்வான செய்தியை உங்களுக்கு அறியத் தருகிறேன்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. சண்முகலிங்கம் மூச்சை விட்டார். முடிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, பொன்னாடை தோளில் இருக்கிறது, மைக்கில் சொல்லியாகிவிட்டது. இனி முப்பது நாடும் சேர்ந்து வந்தாலும் மாற்ற ஏலாது.

நேசராஜா தன் டேனிஷைக் காட்டுகிற ஆசையில் அதையே பிர்கிட்டவுக்கும் மொழிபெயர்த்தார். பிர்கிட்ட முகம் மலர்ந்து ஆரணனுக்குக் கை கொடுத்தார். "அப்படியா, விலகுகிறாயா? வாழ்த்துகள்."

ஆரணன் தகப்பனைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பிழையான தெருவுக்குள் கார் திரும்பிவிட்டபோது பார்க்கிற மாதிரிப் பார்த்தான். பிறகு பிர்கிட்டவிடம் தாழ்ந்த குரலில், மரியாதையாக, டேனிஷில் சொன்னான்: "இல்லை. வெள்ளிக்கிழமை கையெழுத்து வைத்துவிட்டேன். பெப்ரவரியில் எஸ்டோனியா போகிறேன்."

மைக் இன்னும் நேசராஜாவின் கையில்தான் இருந்தது. ஆனால் அதைத் தன் நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தார். முதல் இரண்டு வரிசைக்கு மட்டும் கேட்டது. பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

சண்முகலிங்கத்துக்கு டேனிஷ் நன்றாக விளங்கும். இருந்தாலும் மனைவி யோகமலரிடம் திரும்பி, "என்ன சொல்லுறான்?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வைச்சிட்டான்," என்றார் யோகமலர். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். கெட்ட செய்தியைக் குரல் மாறாமல் சொல்லத் தெரிந்தவர்.

"உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் மைக்கில சொல்லுவியள்."

இப்போது மண்டபத்தில் இரண்டு உண்மைகள் இருந்தன. தமிழில் ஆரணன் ராணுவத்தை விட்டுவிட்டான். டேனிஷில் பெப்ரவரியில் எஸ்டோனியா போகிறான். நேசராஜா மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தார். அவருடைய நெற்றி வேர்த்திருந்தது.

"சண்முகம், இப்ப என்ன செய்யிறது? அறிவிச்சாச்சு."

"நன்றியுரை என்ரைதானே. மைக்கைத் தாங்கோ."

மேடையில் ஏறும்போதுகூட அவருக்குத் தெரியாது என்ன சொல்லப் போகிறோம் என்று. அப்படியே விட்டுவிடலாம். மண்டபம் நம்பும், நாளைக்கு ஊர் முழுக்க நம்பும், அமலராணியின் மகளைப் போல இவனும் ஒருநாள் நம்பினாலும் நம்புவான். சட்டைப் பையிலிருந்து நன்றியுரைத் தாளை எடுத்தார். ஆரணன் பொன்னாடையோடு அவர் பக்கத்தில் நின்றான். அவனுடைய உதடு காய்ந்திருந்தது. காலையிலிருந்து இவன் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"தலைவர் இப்ப அறிவிச்சது," என்று தொடங்கினார், "அவர் தானாச் சொன்னது இல்லை. நான் சொல்லச் சொன்னது. மகனிட்டக் கேக்காமல் சொன்னனான். அது பிழை. அவன் விலகேல்லை. எஸ்டோனியாவுக்குப் போறான்."

மைக்கில் சொன்ன ஒன்றை மைக்கிலேயே மறுத்ததைப் பிராண்டே அன்றுதான் முதலில் பார்த்தது. யாரோ ஓர் அம்மா தன் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

"எஸ்டோனியாவில என்ன சண்டை?" என்று நடுவரிசையிலிருந்து பீற்றர் என்ற ஒருவர் கேட்டார்.

"ஒரு சண்டையும் இல்லை."

"அப்ப என்னத்துக்குப் போறார்?"

"சண்டை வராமல் இருக்க."

"சண்டை வந்த இடத்தை விட்டிட்டு வந்து, வராத இடத்துக்குப் போறாரோ?"

சண்முகலிங்கம் மைக்கை மகனிடம் நீட்டினார். "எனக்கு விளங்கேல்லை. நீயே சொல்லு அப்பு."

ஆரணன் மைக்கை வாங்கினான். தமிழில் சொற்களைப் பொறுக்கி எடுத்துச் சொன்னான். "அவை சின்ன நாடு. பக்கத்தில பெரிய நாடு. அவைக்கு அடிச்சா எங்களுக்கு அடிச்ச மாதிரி. அப்பிடி நாங்கள் எழுதியிருக்கிறம். அதுதான்."

சமையலறை வாசலில் குருசுமுத்து அகப்பையோடு நின்றார். அவர் கேட்டது சண்டித்தனமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"காலமை இருந்து உமக்குப் போன் எடுக்கிற அந்த மனிசன், அவர் அந்த எழுத்துக்குள்ள வாறாரோ தம்பி?"

"இல்லை மாமா."

மண்டபம் அமைதியானது. எந்த நிமிட வணக்கத்துக்கும் கிடைக்காத அமைதி. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் இதே ஆட்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கோப்பன்ஹேகனில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் நின்றவர்கள். யாராவது போய் ஊரில் நடக்கிற போரை நிறுத்துங்கள் என்று கேட்டவர்கள். உள்ளேயிருந்து வந்தவர்கள் எல்லாரும் அனுதாபமாகக் கேட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். இவர்கள் எந்த எழுத்துக்குள்ளும் வரவில்லை. போர் முடிந்தது என்றால் போன் எடுப்பதற்கு மறுபக்கத்தில் ஆள் இல்லை என்று அர்த்தம் என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

ஆரணனின் கையில் போன் அதிர்ந்தது. மைக்கைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு, மேடைக்குப் பக்கத்தில் இருந்த சிறிய அறைக்குள் ஓடினான். பொன்னாடை தரையில் இழுபட்டுக்கொண்டு போனது.

சண்முகலிங்கம் மைக்கை நேசராஜாவின் கையில் திணித்துவிட்டுப் பின்னால் போனார். ஆரணன் சுவரோடு குந்தியிருந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தான். மறுபக்கத்தில் ஓர் ஆணின் குரல். அதற்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது.

"என்னவாம்?"

ஆரணன் போனைக் கையால் பொத்தினான். "எயாபோர்ட்டுக்குப் போறதோ வீட்டில இருக்கிறதோ எண்டு கேக்கிறார். கொன்டாக்ட் நம்பர் ஒண்டும் வேலை செய்யேல்லையாம். என்ர நம்பர் மட்டும்தானாம்."

"நீ என்ன சொன்னனி?"

"லைன்ல நில்லுங்கோ, கேட்டுச் சொல்லுறன் எண்டனான். ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்லை அப்பா."

"வெள்ளிக்கிழமை ஏன் கையெழுத்து வைச்சனி?"

"அண்டைக்குத்தான் காபூலில எங்கட எம்பசியைப் பூட்டுகினம் எண்டு சொன்னவை." அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்கயாவது ஒரு இடத்தில நிக்கவேணும் போல இருந்தது. வேற ஒண்டும் தெரியேல்லை."

சண்முகலிங்கத்துக்கு இதுவும் முழுமையாக விளங்கவில்லை. ஆனால் விளங்காததற்காக இந்த முறை ஓம் என்று சொல்லவும் இல்லை. மகனின் போனைப் பார்த்தார்.

"எவ்வளவு சார்ஜ் இருக்கு?"

"மூண்டு வீதம்."

"சார்ஜரைத் தா."

அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக் பொயின்ற். அதில் ஒலிபெருக்கியின் தடித்த கறுப்பு வயர். வெளியே மேடையில் நேசராஜா நிலைமையைக் கைக்குள் எடுத்திருந்தார். "உலக வல்லரசுகளே தடுமாறுகின்ற இவ்வேளையில், பிராண்டே தமிழர் ஒன்றியமாகிய நாம்..." என்று அவருடைய குரல் மண்டபத்தை நிறைத்தது.

சண்முகலிங்கம் வயரைப் பிடுங்கினார்.

குரல் பாதியில் நின்றது. சார்ஜரைச் செருகினார். பிடிக்கவில்லை. பாடசாலையின் பழைய பொயின்ற், தளர்ந்துபோயிருந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் மட்டும் போனில் பச்சை விளக்கு வந்தது. எடுத்தால் போனது. அவர் விழா வேட்டியோடு தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"யேஸ், நஜீப்," என்றான் ஆரணன். "ஐ ஆம் ஹியர்."

கதவு திறந்தது. இறந்துபோன மைக்கோடு நேசராஜா நின்றார். தரையில் தகப்பன், போனில் மகன், மூலையில் கிடந்த வயர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். ஏதோ கடுமையாகச் சொல்ல வந்தவர், மறுபக்கத்துக் குழந்தையின் அழுகை கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு நேரம் செல்லும் சண்முகம்?"

"தெரியாது அண்ணை," என்றார் சண்முகலிங்கம், கையை எடுக்காமல். "நீங்கள் சாப்பாட்டைத் தொடங்குங்கோ."